ஊராத்துறையில் இறங்கிய பரதேசிகள்

காரைநகரில் நாங்கள் தங்கிய விடுதியின் வருகைப் பதிவேட்டில் ஐந்து கட்டங்கள் இருந்தன. பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி, எத்தனை பேர், வந்த நோக்கம். முதல் நான்கையும் எழுதிவிட்டேன். ஐந்தாவதில் பேனை நின்றுவிட்டது. பின்னால் நின்ற மகள், "சுற்றுலா எண்டு போடுங்க வாப்பா" என்றாள். அப்படியே போட்டேன்.

போட்டதில் பொய் இல்லை. ஆவணி விடுமுறை. புத்தளத்திலிருந்து மனைவி, பிள்ளைகளோடு வந்திருந்தோம். கடலில் குளிக்க வேண்டும், தீவுகளைப் பார்க்க வேண்டும் என்பதுதான் திட்டம். ஆனாலும் நான் யாழ்ப்பாணம் சோனகதெருவில் பிறந்தவன். 11 வயதுவரை அங்கேதான் ஓதினேன், படித்தேன். அப்படியொருவன் அதே மாவட்டத்துக்குள் வந்து "சுற்றுலா" என்று எழுதும்போது கை தயங்கத்தான் செய்யும். அந்தத் தயக்கத்தில் பிறந்ததே இக்கட்டுரை. தீவகத்துக்கு வந்துபோன கடலோடிகளும் வணிகரும் யார், அவர்களை இந்தக் கரை எப்படி ஏற்றது, எந்தக் கட்டத்தில் ஒருவன் வந்தவன் என்பதிலிருந்து ஊரவன் ஆகிறான் என்பவையே இங்கு பேசப்படுவன.

காரைதீவு காரைநகர் ஆன ஊர்

யாழ்ப்பாணத்திலிருந்து மானிப்பாய், சங்கானை தாண்டிப் பொன்னாலைக்கு வந்ததும் நிலம் முடிந்து தாம்போதி தொடங்குகிறது. இரு புறமும் முழங்காலளவுத் தண்ணீர். கம்புகளை நட்டு வலை கட்டிய களங்கண்டிகள். ஒரு வள்ளத்தில் இருவர் பேசிக்கொண்டே சும்மா இருந்தார்கள். எங்கள் பஸ்ஸும் அவசரப்படவில்லை. சாரதி நடுப்பாதையில் நிறுத்தி, தாம்போதியில் விற்ற இறாலுக்கு விலை கேட்டார், ஒத்துவரவில்லை, ஏறிக்கொண்டார். பயணிகளில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

ஊருக்குள் போனாலும் அதே கதிதான். பனையும் வேலியும் வயலும் பூட்டிய வீடுகளும். பூட்டிய வீட்டுக்காரர் பலர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். கோயில் திருவிழாவுக்கு வருவார்கள், சுவருக்கு வெள்ளை அடிப்பார்கள், திரும்பிப் போவார்கள். ஈழத்துச் சிதம்பரம் என்று பெயர்பெற்ற சிவன்கோயிலின் மார்கழித் திருவாதிரைக்கு ஊர் நிறையுமாம். நாங்கள் போன மாதத்தில் சோளகக் காற்றும் பனம்பழ வாசமும்தான் நிறைந்திருந்தன. கசூரினாக் கடற்கரையில் சவுக்கு நிழலில் பாய் விரித்துவிட்டுக் கடலில் நடந்தோம். நூறு அடி போயும் மகனுக்கு இடுப்பளவே தண்ணீர். மேற்கே கோவளத்தில் வெளிச்சவீடு. அங்கே நின்று வடக்கே பார்த்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தப் பக்கம்தான் வேதாரணியமும் நாகூரும் அதிராம்பட்டினமும். பாய்க்கப்பல் காலத்தில் அவை அயலூர்கள்.

காரைச் செடி நிறைந்த தீவாதலால் காரைதீவு என்பர். கிழக்கிலும் ஒரு காரைதீவு இருப்பதால் கடிதங்கள் மாறிப் போயின. கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் இது காரைநகர் ஆயிற்று. அதற்கும் முன்னர் டச்சுக்காரர் தம் ஊர்ப்பெயர்களை இத்தீவுகளுக்கு இட்டிருந்தனர். வேலணைத் தீவு லெய்டன், புங்குடுதீவு மிடில்பர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம். காரைதீவு அம்ஸ்ரர்டாம்! அந்தப் பெயர்கள் டச்சுப் படங்களிலேயே தங்கிவிட்டன. நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் மட்டும் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டது. பெயர் வைத்தவன் போய்விடுகிறான். வாயில் வைத்துப் புழங்குகிறவனுடையதே பெயர்.

காகமும் காரைதீவானும் போகாத ஊரில்லை என்றொரு பேச்சு உண்டு. இலங்கையின் எந்தச் சிறு நகரத்திலும் காரைநகரார் ஒருவரின் பலசரக்குக் கடையோ சாப்பாட்டுக் கடையோ இருந்தது ஒரு காலம். அதே தெருவில் எங்கள் ஆட்களின் புடைவைக் கடையோ இரும்புக் கடையோ இருந்திருக்கும். கடல் தாண்டிப் போய்க் கடை போடுவதில் இருவரும் ஒரே இனந்தான்.

வலந்தலைச் சந்தியில் ஒரு கடை

மறுநாட் காலை பிஸ்கட் வாங்க வலந்தலைச் சந்திப் பக்கம் போனேன். கடைக்காரர் எண்பதை நெருங்கியவர்.

"எவடத்தில இருந்து வாறியள் தம்பி?"

"புத்தளம் ஐயா."

"பேச்சு புத்தளப் பேச்சாத் தெரியேல்லையே."

"பிறந்தது சோனகதெரு. தொண்ணூறில போனனாங்கள்."

பொதி கட்டிக்கொண்டிருந்த கை நின்றது. சற்று நேரம் பேசவில்லை. பிறகு தன் கதையைச் சொன்னார். தெற்கில் ஒரு நகரத்தில் கடை வைத்திருந்திருக்கிறார். 1983 ஆடியில் அது எரிந்தது. "கொழும்பில அகதி முகாம். பிறகு கப்பலில ஏத்திக் காங்கேசந்துறையில இறக்கினாங்கள். உடுத்த சாறத்தோட வந்தனான் தம்பி. தொண்ணூற்றொண்டில சண்டை வர இஞ்சயிருந்தும் வெளிக்கிட்டம். திரும்பி வரேக்க வீட்டுக்குக் கூரை இல்லை."

நான் கேட்காமலே ஒன்று சொன்னார். "உங்கட ஆக்களை அனுப்பேக்க நாங்கள் ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. பயம். பயம் மட்டுமெண்டு சொன்னாலும் அது பொய்."

அதற்கு என்ன பதில் சொல்வது? "பரவாயில்லை ஐயா" என்று வாய் வரை வந்தது, சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் 83இல் என்ன செய்தார்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் முழுதாக நல்ல பதில் இருந்திராது. பிஸ்கட்டுக்குக் காசை எடுத்து, மிச்சத்தை எண்ணித் தந்தார். "நிண்டு ஆறுதலாப் பாத்திட்டுப் போங்கோ" என்றார்.

பாதையும் இரண்டு பன்றிகளும்

காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்குக் கடலைக் கடக்கும் மிதவைக்குப் "பாதை" என்று பெயர். கட்டணம் கிடையாது. மோட்டார் சைக்கிள், சைக்கிள், பள்ளிப் பிள்ளைகள், மீன் பெட்டி எல்லாம் ஒன்றாக ஏறின. சில நிமிடப் பயணந்தான். ஆனால் அந்த நிமிடங்களில் கண்ணுக்குத் தெரிகிறது, ஏன் இந்த இடம் ஆயிரம் ஆண்டாகத் துறைமுகமாக இருந்ததென்று. இரண்டு தீவுகள் காற்றை மறைக்கின்றன. நடுவே ஆழமான வாய்க்கால்.

அந்த வாயிலின் நடுவில் கடற்கோட்டை. போர்த்துக்கேயர் முருகைக்கல்லால் கட்டியது. 1658இல் டச்சுக்காரர் முற்றுகையிட்டபோது உள்ளே குடிக்கத் தண்ணீர் இல்லாமற் போய்ச் சரணடைந்தது. பின்னாளில் சிறையாக இருந்து, இப்போது கடற்படையின் உல்லாச விடுதி. டச்சுக்காரர் இதற்கு இட்ட பெயர் ஹம்மன்ஹீல். இலங்கைப் படம் அவர்களுக்கு உலர்த்திய பன்றித் தொடைபோலத் தெரிந்ததாம். இந்தக் கோட்டை அதன் குதிகால். எதிர்க்கரையின் ஊராத்துறைக்கோ பாளியில் சூகரதித்த என்று பெயர். பன்றித்துறை என்று பொருள். ஒருபுறம் பன்றித்துறை, மறுபுறம் பன்றித்தொடை. நடுவில் ஒரு முஸ்லிம் குடும்பம் பாதையில் போகிறது என்றதும் மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

தமிழில் ஊராத்துறை, ஊர்காவற்றுறை. போர்த்துக்கேயர் வாயில் கைட்ஸ். துறைமேடை என்ற அவர்கள் சொல்லின் திரிபு. வன்னியில் பிடித்த யானைகள் இங்கிருந்துதான் கப்பலேறின. டச்சுக் காலத்திலும் கோல்கொண்டாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் யானை வாங்க ஆட்கள் வந்தனர்.

பராக்கிரமபாகுவின் கட்டளை

ஊராத்துறையைப் பற்றிய முக்கியமான சான்று நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள கல்வெட்டு. பொலன்னறுவையில் 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழில் இதை வாசித்து வெளியிட்டார். பல்கலைக்கழகத்தில் தமிழ்ச் சிறப்புக் கற்கையின்போது கல்வெட்டுப் பாடத்தில் எனக்கு இது அறிமுகமாயிற்று. அப்போது பரீட்சைக்காகப் படித்தேன்.

ஆணையின் சாரம் இதுதான். பரதேசிகள் ஊராத்துறையிலே வந்து இருக்க வேண்டும். அவர்கள் பாதுகாக்கப்பட வேண்டும். பல துறைகளிலிருந்தும் பரதேசிகள் நம் துறையில் வந்து கூட வேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் கால் பங்கு பண்டாரத்துக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு. வணிகப் பொருள் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் செம்பாதி பண்டாரத்துக்கு, செம்பாதி உடையவனுக்கு.

மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, சிங்கள அரசன் ஒருவன் இதைத் தமிழில் பொறித்திருக்கிறான். துறையில் இருந்தவர்களுக்கும் வந்தவர்களுக்கும் விளங்கிய மொழி தமிழ் என்பது வெளிப்படை. இரண்டாவது, உடைந்த கப்பலின் பொருள் முழுவதும் கரைக்காரனுக்கே என்ற வழக்கம் உலகின் பல கரைகளில் நிலவிய காலம் அது. உடைந்தாலும் உன்னுடையதில் பெரும்பங்கு உன்னுடையதே என்று உறுதி சொன்னாற்றான் வணிகன் மறுமுறையும் வருவான். போர் யானைக்கும் குதிரைக்கும் அரசனுக்குத் தேவை அதிகம். அதனால் அங்கே சலுகையும் அதிகம். மூன்றாவது, "பரதேசி" என்ற சொல். இன்று நாம் ஒருவனை ஏசுவதற்குப் பயன்படுத்தும் சொல் அன்று காப்புக்குரியவனைக் குறித்தது. வகுப்பில் இழிபொருட்பேறு கற்பிக்கும்போது நான் தரும் முதல் எடுத்துக்காட்டு இதுவே.

அதே நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டாகிய இரண்டாம் இராசாதிராசனின் திருவாலங்காட்டுச் சாசனமும், பராக்கிரமபாகு படை திரட்டிக் கப்பல் கட்டிய இடங்களில் ஒன்றாக ஊராத்துறையைச் சொல்கிறது. அயலில் அல்லைப்பிட்டியில் 1977இல் ஜோன் கார்ஸ்வெல் ஆய்ந்தெடுத்த சீனப் பீங்கான்கள் சொங் வம்சத்தவை. 11, 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆக, சீனாவிலிருந்து மேற்காசியாவரை நீண்ட வணிகப் பாதையில் இந்தத் துறை ஒரு தரிப்பிடம்.

நம்மவர் செய்யும் அவசரம்

இங்கே ஒரு தடை. நம் சமூகத்துக் கூட்டங்களில் இந்தக் கல்வெட்டைக் காட்டி, "பார்த்தீர்களா, 12ஆம் நூற்றாண்டிலேயே தீவகத்தில் முஸ்லிம்கள்" என்று முழங்குவதைக் கேட்டிருக்கிறேன். கல்வெட்டு அப்படிச் சொல்லவில்லை. சோனகர் என்றோ துலுக்கர் என்றோ அதில் சொல் இல்லை. பரதேசி என்றுதான் இருக்கிறது. அதற்குள் தமிழகத்துச் செட்டிகளும் அடங்கலாம், வேறு யாரும் அடங்கலாம்.

சொல்லக்கூடியது இவ்வளவுதான். இந்துமாகடற் குதிரை வணிகத்தில் அறபு, பாரசீக வணிகரின் கை ஓங்கியிருந்தது. பாண்டி நாட்டுக் காயலுக்கு ஆண்டுதோறும் குதிரைகள் வந்திறங்கியதை 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ எழுதினார். எதிர்க்கரையில் தொண்டிக்கு அண்மையில் தீத்தாண்டதானபுரத்துக் கல்வெட்டு, மேற்காசிய வணிகரைக் கொண்ட அஞ்சுவண்ணம் என்னும் கூட்டத்தாரைக் குறிப்பிடுகிறது. 1344இல் வந்த இப்னு பதூதா, யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைப் புத்தளத்தில் கண்டபோது அவர் பாரசீகம் அறிந்திருந்ததாகச் சொல்கிறார். பாரசீகம் பேசும் வணிகர் அடிக்கடி வந்துபோகாத இடத்து அரசனுக்கு அந்த மொழி எப்படித் தெரியும்? ஆகவே ஊராத்துறைக்கு வந்த குதிரை மரக்கலங்களில் முஸ்லிம்கள் இருந்திருப்பார்கள் என்பது வலுவான ஊகம். ஊகம் என்றே அதைச் சொல்லவும் வேண்டும்.

நெடுந்தீவின் மட்டக்குதிரைகளை அறபுக் குதிரைகளின் வழித்தோன்றல் என்று சொல்வாரும் உண்டு. அவை ஐரோப்பியர் காலத்துக் குதிரை வளர்ப்பின் மிச்சம். அங்குள்ள பெருக்குமரத்தை அறபு மாலுமிகள் கொண்டுவந்தனர் என்ற பேச்சும் இருக்கிறது. ஆபிரிக்க மரம் என்பது உண்மை. கொண்டுவந்தவன் பெயரை மரம் சொல்லாது.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்கலாம். எங்கள் உரிமையை ஒரு கல்வெட்டின் மேல் மட்டும் கட்டினால், நாளை இன்னொருவர் அந்த வாசிப்பைத் திருத்தும்போது உரிமையும் சேர்ந்து விழுந்துவிடும். முதலில் வந்தவன் யார் என்ற பந்தயத்தில் ஓடியவர்கள்தான் இந்த நாட்டைக் கெடுத்தார்கள். அதில் நாமும் பெயர் கொடுக்க வேண்டியதில்லை.

காப்புக்குரியவன் வரிக்குரியவன் ஆனது

டச்சுக்காரர் ஆட்சியில் பரதேசி என்பதன் மதிப்பு தலைகீழாயிற்று. முஸ்லிம்களையும் செட்டிகளையும் அந்நியர் எனப் பிரித்து, ஊழியம் என்ற கட்டாய வேலையைச் சுமத்தினர். வேலை செய்யாதவர் பணம் கட்ட வேண்டும். பல தலைமுறை இந்த மண்ணில் பிறந்து இறந்தவரும் அவர்கள் பேரேட்டில் அந்நியரே. வணிகப் போட்டி ஒரு காரணம், மதப் பகை இன்னொன்று. நல்லூர்ப் பக்கம் இருந்த நம்மவர் அக்காலத்தில் நாவாந்துறைப் பக்கம் நகர்த்தப்பட்ட கதையை எங்கள் மூத்தம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். ஊழியம் பிரித்தானியர் காலத்தில் ஒழிந்தது. அந்நியர் என்ற அந்தக் கட்டம் மட்டும் யாரோ ஒருவர் பேரேட்டில் எப்போதும் திறந்தே இருந்தது.

1990 ஒக்டோபர் 30ஆம் தேதி அது எங்கள் வாசலுக்கு வந்தது. ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இரண்டு மணித்தியாலம். வாப்பா கடைத் திறப்பை உம்மாவிடம் கொடுத்தார். உம்மா அதை முந்தானையில் முடிந்தார். சோதனையில் முடிச்சை அவிழ்க்கச் சொன்னார்கள். திறப்பை மட்டும் திருப்பித் தந்தார்கள். சில நூறு ரூபாய்க் காசோடு நடந்தோம். வடக்கிலிருந்து அப்படிப் போனவர்கள் ஏறக்குறைய 75,000 பேர் எனக் கணக்கிடப்படுகிறது.

பரீட்சைக்குப் படித்த கல்வெட்டின் பொருள் எனக்கு விளங்கியது பல்கலைக்கழகத்தில் அல்ல, இந்தப் பாதையில் நின்றபோதுதான். உடைந்த மரக்கலத்தின் சொந்தக்காரனுக்கு, முன்பின் தெரியாத பரதேசிக்கு, 12ஆம் நூற்றாண்டில் பாதி மிஞ்சியது. ஊரவரான எங்களுக்குத் திறப்பு மிஞ்சியது. வலந்தலைக் கடைக்காரருக்கு உடுத்த சாறம்.

செய்ய வேண்டியது

புத்தளத்தில் முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. அங்கும் ஏதாவது பட்டியல் போடும்போது வந்தான் வரத்தான் என்ற பேச்சு எழும். யாழ்ப்பாணத்தில் மீள்குடியேறியவர் பட்டியலில் எங்கள் பெயர் இல்லை; நாங்கள் நிரந்தரமாகத் திரும்பவில்லை. எனது வேலை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அங்கே. இதில் யாரையும் குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஊர் என்பது இரண்டாகவும் இருக்கலாம் என்பதை நம் படிவங்கள் ஏற்பதில்லை. காரைநகரார் அதை எப்போதோ ஏற்றுக்கொண்டவர்கள். கனடாவில் இருப்பவரையும் அவர்கள் காரைநகரார் என்றுதான் சொல்கிறார்கள்.

இந்த இதழின் வாசகரிடம் ஒரு வேண்டுகோள். தீவகத்து முஸ்லிம்களைப் பற்றி எழுதும்போது பராக்கிரமபாகுவோடு நின்றுவிடுகிறோம். அதற்குப் பின்னான எண்ணூறு வருடத்துக்குச் சான்று தேட வேண்டாமா? மண்கும்பான் வெள்ளைக்கடற்கரைப் பள்ளிவாசல் இருக்கிறது. அதன் மையவாடியில் மீசான் கற்கள் இருந்தால் அவற்றை வாசித்துப் படமெடுக்க வேண்டும். நயினாதீவிலும் ஊர்காவற்றுறையிலும் வாழ்ந்த குடும்பங்களின் நிக்காஹ் பதிவுகள், காணி உறுதிகள், கந்தூரிக் கணக்குகள் புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் யாராவது ஒருவர் அலுமாரியில் கிடக்கும். ஊர்காவற்றுறைக்கும் காயலுக்கும் கீழக்கரைக்கும் இடையில் ஓடிய தோணிகளின் கதை தெரிந்த முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கைத்தொலைபேசியிலாவது பதிந்துகொள்ள வேண்டும். நம்மவரிடம் மட்டுமல்ல, வலந்தலைச் சந்திக் கடைக்காரரைப் போன்றவர்களிடமும் கேட்க வேண்டும். நம்முடைய வரலாற்றில் பாதி அவர்கள் நினைவில் இருக்கிறது.

நான் தொடங்கிவிட்டேன். திரும்பும் வழியில் அதே கடைக்குப் போய், அடுத்த விடுமுறைக்கு ஒரு நாள் முழுக்க இருந்து கதைக்கலாமா என்று கேட்டேன். "உயிரோட இருந்தா வாங்கோ" என்று சொல்லிச் சிரித்தார். தெற்கில் அவரது கடைக்குப் பக்கத்துக் கடை ஒரு சோனகருடையதாம். அவருடைய பெயரை ஒரு பிஸ்கட் பெட்டி மட்டையில் எழுதித் தந்தார். உயிரோடு இருக்கிறாரா என்று விசாரித்துச் சொல்ல வேண்டுமாம். மட்டை என்னிடம் இருக்கிறது. விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.